சுலைஹா ராத்தா பார்த்த பூந்தோட்டம்

போன கிழமை நம்ம பழைய பயண முகவர் கந்தோருக்கு ஒரு போட்டோக் கொப்பி எடுக்க வந்திருந்தேன். மூலைக் கதிரையில் இருந்தேன். அங்கே வேலை செய்கிற உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும், மேசைக்கு முன்னால் இருந்த ஒரு உம்மாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "மகளுக்குப் புள்ள கிடைக்கப் போகுது எண்டு வாய் தொறந்திராதீங்க. சுத்திப் பாக்கப் போறன் எண்டு மட்டும் சொல்லுங்க." அந்த உம்மா பயந்த முகத்தோடு தலையை ஆட்டினா. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. கொப்பியை எடுக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

ஓய்வெடுத்தவன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்று என்ட மனுசி சொல்வா. இரண்டு நாள் பொத்திப் பார்த்தேன், ஏலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என்னை அண்ணன் முறையில் கூப்பிடுகிற நீங்கள், 'காக்காவுக்கு வேற வேலையில்ல' என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி சொன்ன வசனம் அவருடையதில்லை, என்னுடையது. அதே மேசையில், அதே கதிரையில் இருந்து, அதே மாதிரி ஒரு உம்மாவுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்தேன். அது எப்படியோ சுவரில் ஊறி இன்றைக்கும் அந்தக் கந்தோரில் கிடக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நீங்கள் எல்லாம் யுத்தம் முடியக்குள்ள பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போக எத்தனை இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து, திரும்ப ஏறவேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒரே கேள்விதான். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாரைப் பார்க்க. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகினோம். அதிலும் பாதியை விழுங்கப் பழகினோம். காணிப் பிணக்குக்கு நியாயவாதியைப் பார்க்கப் போகிறவன் மருந்தெடுக்கப் போகிறேன் என்பான். மருந்தெடுக்கப் போகிறவன் கலியாண வீட்டுக்கு என்பான். எதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராதோ அதுதான் சரியான பதில். தமிழ் ஆக்களுக்கும் அதே பாடம், எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் அதே பாடம்.

யுத்தம் முடிந்து வீதி திறந்துவிட்டது. பஸ் நிற்காமல் ஓடியது. ஆனால் அந்த வாய் மாறவில்லை. தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவரையும் மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றவரையும் நாங்கள் ஒன்றாகத்தான் பார்த்தோம். நான் அப்படித்தான் பார்த்தேன். அந்த மடத்தனத்தை ஒரு தொழில் நுட்பம் மாதிரிச் சனத்துக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

சுலைஹா ராத்தா வந்தது யுத்தம் முடிந்து அடுத்த வருசம், ஓகஸ்ட் மாதம். ஊர் சாய்ந்தமருது, எனக்கு அக்கா வயசு. கூடவே மாப்பிள்ளை, அதுதான் புருசன், ஆதம்பாவா காக்கா. குத்தகை வயல் செய்கிற மனிசன், சாரத்தை மடித்துக் கட்டாமல் கந்தோருக்குள் வருகிற அளவுக்கு மரியாதைக்காரர். ராத்தா ஒரு பொலித்தீன் பைக்குள் பாஸ்போட் இரண்டையும் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்து, அதை மடியில் பிடித்துக்கொண்டிருந்தா.

விசயம் இதுதான். சின்ன மகள் சஹ்லா மாப்பிள்ளையோடு ஒரு குளிர் நாட்டில் இருக்கிறாள். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு அந்த நாட்டு வீசா இப்போது எப்படி என்று கேட்பீர்கள். அவளுக்குத் தலைப்பிள்ளை. ஜனவரி நடுவில் நாள் குறித்திருக்கிறது. எங்கட பக்கத்தில் தலைப்பிள்ளை தாயின் வீட்டில்தான் பிறக்கும், அது உங்களுக்கும் தெரியும். அவளுக்கோ உடம்பு சரியில்லை, பிளேனில் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகள் வர ஏலாது என்றால் தாய் போக வேண்டும். பிள்ளை பிறக்கக்குள்ள பக்கத்தில் நிற்க வேண்டும், பிறந்து நாற்பது நாள் முடிய ஊருக்கு வந்துவிட வேண்டும். ராத்தா கேட்டது இவ்வளவுதான்.

இதைவிட நேரான விசயம் என் மேசைக்கு வந்ததில்லை. நான் செய்த முதல் வேலை, அதைக் கோணலாக்கியது.

"ராத்தா, இந்தப் புள்ள கிடைக்கிற கதைய அங்க கதைக்கவே படாது" என்றேன். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனால் அங்கேயே நின்றுவிடுவா என்று நினைப்பார்கள், வீசா தரமாட்டார்கள், நீங்கள் உல்லாசப் பயணி, சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்று படிப்பித்தேன். யாராவது எனக்கு அப்படிச் சொன்னார்களா? இல்லை. எந்தப் படிவத்திலாவது பிரசவத்துக்குப் போகக்கூடாது என்று இருந்ததா? அதுவும் இல்லை. உறவுக்காரரைப் பார்க்கப் போவதற்கென்று படிவத்தில் தனியாக ஒரு கட்டமே இருந்தது. அதைத் தாண்டிப்போய் 'உல்லாசம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

பயணத் திட்டம் ஒன்று வேண்டுமே. முந்தின ஜூன் மாதம் ஒரு டொக்டரும் மனைவியும் அதே நாட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய திட்டம் கொம்பியூட்டரில் கிடந்தது. பேரையும் திகதியையும் மாற்றி அச்செடுத்தேன். ஒரு கோபுரம், ஒரு நூதனசாலை, ஒரு பூந்தோட்டம். ஜூனில் பார்க்கிற இடத்தை ஜனவரியில் பார்க்க ஏலுமா என்று யோசிக்கவே இல்லை. எங்களுக்கு ஜனவரி என்றால் மாரி மழை, வயலில் தண்ணீர், அவ்வளவுதானே. அங்கே பனி கொட்டும் என்பது மூளையில் இருந்தது, கையில் இல்லை.

படிவத்தில் அடுத்த கேள்வி, எத்தனை பிள்ளைகள். ராத்தா "ரெண்டு" என்றா. மற்றவரின் விபரம் கேட்டேன். ராத்தா காக்காவைத் திரும்பிப் பார்த்தா. பிறகு காக்கா, "மூத்தவ மௌத்து, சுனாமியில" என்றார். சுனாமியில் ஆள் போகாத வீடு எங்கட கரையில் எத்தனை? இன்னா லில்லாஹி சொல்லிவிட்டு, தலையைத் தூக்காமல் இரண்டை வெட்டி ஒன்று என்று எழுதினேன். ராத்தா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

இனி வருகிறது நான் செய்ததிலேயே பெரிய கெட்டித்தனம். ஆம்பிளைதானே முதலாவது ஆள் என்று காக்காவை முதல் விண்ணப்பதாரியாகப் போட்டேன். இவர் திரும்பி வருவார் என்று காட்ட அவர் பேரில் என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டேன். மனிசன் சிரித்தார். "என்ட பேருல ஒரு சைக்கிள் இரிக்கி தம்பி." வாப்பாவின் வயலில் வந்த பங்கைத் தங்கச்சிமாரின் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டார். வீடு ராத்தாவுக்கு, அவவின் உம்மா கொடுத்தது. எங்கட ஊர் ஆம்பிளை எவனைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். ஆலையடிவேம்பு, திருக்கோவில் தமிழ் ஆக்களுக்கும் இதே முறைதான். இது தெரிந்த எவனும் ராத்தாவின் பேரை முதலில் போட்டிருப்பான். எனக்கும் தெரியும். என் வீடே என் மனுசியின் பேரில்தான் இருக்கிறது.

ஆனால் நான் என்ன யோசித்தேன் தெரியுமா? கொழும்பில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு இந்த முறை விளங்காது, விளக்கிச் சொன்னால் கரைச்சல், ஆகவே வீட்டை மாற்றி எழுதிவிடுவோம் என்று யோசித்தேன். அவருக்கு எங்களை விளங்கப்படுத்துவதை விட, எங்களை அவருக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைப்பது லேசு என்று பட்டது. தெரிந்த நொத்தாரிசிடம் அனுப்பி, ராத்தாவின் வீட்டுக் காணி உறுதியை, அந்தச் சொத்துப் பத்திரத்தை, காக்காவின் பேரில் எழுதச் சொன்னேன்.

ராத்தா அந்த இடத்தில்தான் ஒரு தரம் மறித்துக் கேட்டா. "ஊடு ஆம்புளட பேருலயா தம்பி? அது சஹ்லாக்கு எழுத வெச்சிரிக்கிறதே." வீசா கிடைத்ததும் திருப்பி எழுதலாம், இது வெறும் கடுதாசி என்று சொன்னேன். உம்மா கொடுத்த வீட்டை ஒரு கடுதாசி என்று சொன்னேன். அவ போய்க் கையெழுத்து வைத்தா. ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைத்தார்கள். மாப்பிள்ளை மிரட்டி எழுதி வாங்கிவிட்டார் என்று கூடக் கதை வந்தது. காக்கா பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிறதை விட்டுவிட்டார்.

ஒக்டோபர் தொடக்கத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இருவரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன், நான் போகவில்லை. மக்காவுக்கு உம்றாப் போகிற கூட்டம் ஒன்றை நான் அனுப்ப இருந்தது. இரண்டாம் நாள் திரும்பி வந்தார்கள். கதவில் வைத்தே முகத்தைப் பார்த்து விளங்கிவிட்டது.

நடந்ததைக் காக்கா சொன்னார். வீட்டு உறுதியில் திகதி ஆறு கிழமைக்கு முந்தினது, ஏன் இப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார்களாம். மனிசனுக்குப் பொய் வராது. ஏஜென்ட் சொன்னார் என்று சொல்லிவிட்டார். எத்தனை பிள்ளைகள் என்று ராத்தாவைக் கேட்க, அவ இரண்டு என்றிருக்கிறா. படிவத்தில் ஒன்று. பிறகு, அங்கே எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கோபுரத்தின் பேர் மறந்துவிட்டது. நூதனசாலையும் மறந்துவிட்டது. பூந்தோட்டம் மட்டும் வாயில் வந்திருக்கிறது. ஜனவரியில் என்ன பூ பார்ப்பீர்கள் என்று அந்த வெள்ளைக்காரர் கேட்க, மொழிபெயர்த்த தமிழ்ப் பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். ராத்தா, எந்தப் பூவென்றாலும் பரவாயில்லை என்றிருக்கிறா.

எனக்கு வந்த கோபம் யாரில் தெரியுமா? ராத்தாவில். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பூ என்று ஏன் சொன்னீர்கள், மகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கோபுரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே, இவ்வளவு படிப்பித்துக் கொடுத்தேனே என்று சத்தம் போட்டேன். கந்தோரில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ சத்தம் போடவில்லை.

"நீங்க எழுதித் தந்ததத்தான் தம்பி நான் சொன்ன" என்றா.

மறுப்புக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். நீங்களும் மறுப்புக் கடிதத்தை முழுக்க வாசியுங்கள், தம்பிமாரே. இல்லை என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறீர்கள். அதில் ராத்தா போகக்கூடாது என்று ஒரு வரி இல்லை. பயணத்தின் காரணத்தை நம்ப முடியவில்லை, சொத்துப் பத்திரம் விண்ணப்பத்துக்காகவே செய்யப்பட்டதாகத் தெரிகிறது, குடும்ப விபரம் ஒத்துப்போகவில்லை. மூன்று காரணம், மூன்றும் நான் கை வைத்த இடங்கள். அவர்கள் கொண்டுவந்த உண்மையில் ஒரு பிழையும் பிடிபடவில்லை. பிடிபட்டதெல்லாம் என் கெட்டித்தனம்.

காக்கா ஏதோ சொல்ல வந்தார். ராத்தா கையைக் காட்டி மறித்தா. பிறகு அவவே சொன்னா.

"மூத்தவளுக்கும் தலப்புள்ளதான் தம்பி. நாள் கிட்ட வந்திட்டு. புள்ள பெத்தா அரைச்சுக் குடுக்கிற சரக்குச் சாமான் வாங்க அக்கரப்பத்துக்குப் போனன். அங்க நிக்கக்குள்ளதான் கடல் வந்த எண்டு சனம் ஓடுது. நடந்து, ஓடி, வந்து சேரக்குள்ள அவட ஊட்டுல அத்திவாரம் மட்டும்தான் இரிந்திச்சு. சரக்குப் பை என்ட கையில இரிந்திச்சு. இவளுக்காவது பக்கத்துல நிக்கணும். எனக்கு அங்க வேற ஒண்டும் பாக்க இல்ல. இதத்தான் நீங்க சொல்லப்படா எண்டீங்க."

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. இரண்டை வெட்டி ஒன்று என்று எழுதின கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே இது முழுதும் வந்திருக்கும். எங்கள் தொழிலில் நாங்கள் பாஸ்போட் நம்பரைக் கேட்போம், பிறந்த திகதியைக் கேட்போம், ஏன் போகிறீர்கள் என்பதை மட்டும் கேட்க மாட்டோம். அதை நாங்களே எழுதிக்கொடுத்துவிடுவோம்.

திரும்ப விண்ணப்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். காலம் இருக்கவில்லை. அதோடு ஒரு தரம் பொய் பிடிபட்ட பைல், இரண்டாம் தரம் உண்மை சொன்னாலும் யார் நம்புவார்? இந்த இடத்தில்தான் உங்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருக்குமென்றால் இருக்கும். என்ட கூட்டாளி, டிக்கட் பக்கத்தைப் பார்த்தவர், இன்னும் பலமான ஒரு காரணம் சோடிக்கலாம் என்றார். நோயாளி என்று போடுவோம், ஒரு டொக்டர் கடிதம் எடுப்போம் என்றார். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு நிமிசம் அது நல்ல யோசனையாகக்கூடப் பட்டது. பழக்கம் அப்படிப்பட்டது.

பிறகு கடுதாசியை எடுத்து எழுதினேன். என் பேர், என் கந்தோர், என் கையெழுத்து. முதல் விண்ணப்பத்தில் பிரசவத்தை மறைக்கச் சொன்னது நான். பூந்தோட்டம் என்னுடையது, அந்த அம்மாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கட கரையில் வீடு பெண்ணுடையது, அதை ஆணின் பேருக்கு மாற்றச் சொன்னதும் நான்தான், பழைய உறுதியின் பிரதி இத்துடன் உள்ளது. இவவுக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவர் சுனாமியில் இறந்தார், அந்த எண்ணிக்கையைப் பிழையாக எழுதியதும் நான். ஒரு பக்கம்தான் வந்தது.

கூட்டாளி வாசித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒனக்கு விசரா? நம்மட வேற ஆக்கள்ட பாஸ்போட்டும் அங்க கிடக்கு. கந்தோர்ட பேரையே கறுத்த புத்தகத்தில ஏத்திருவான்." அவர் சொன்னது பொய்யில்லை. எங்கட வேறு பதினொரு பேரின் பாஸ்போட் அந்த நேரம் அதே தூதரகத்தில் இருந்தது. அவர்களும் நம்பித் தந்தவர்கள்தான். ஒரு பகல் முழுக்க அந்தக் கடுதாசி மேசை லாச்சிக்குள் கிடந்தது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, இனி யோசித்தால் அனுப்பமாட்டேன் என்று தெரிந்து, பைலில் வைத்துக் கட்டினேன்.

இதற்குள் காக்கா ஒரு வேலை செய்துவிட்டார். என்னிடம் கேட்காமலே நொத்தாரிசிடம் போய், வீட்டைத் திரும்ப ராத்தாவின் பேரில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று மாதத்தில் இரண்டு தரம் கை மாறின உறுதி இன்னும் சந்தேகம் தரும் என்று கத்தினேன். மனிசன் அசையவில்லை. "நான் அந்த ஊட்டுக்கு மாப்புளயா வந்தவன் தம்பி. உறுதி என்ட பேருல இருந்த நாள்ல இருந்து அந்த ஊட்டுல எனக்கு நித்திர வரல்ல" என்றார். அதையும் கடிதத்தின் அடியில் ஒரு வரியாக எழுதிச் சேர்த்தேன்.

இந்தத் தரம் ராத்தா தனியாக விண்ணப்பித்தா, காக்கா ஊரில் நிற்பது என்று முடிவு. நவம்பர் கடைசியில் நேர்முகம். நானும் கூடப் போனேன். வெளியே நானும் காக்காவும் வீதியோரத்தில் நின்றோம். நான் ராத்தாவுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லித் தர ஒன்றுமில்லையா தம்பி என்று இரண்டு தரம் கேட்டா. கேட்கிறதற்கு உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அவவுக்கு என்மேல் நம்பிக்கை வந்த மாதிரித் தெரியவில்லை.

அரை மணித்தியாலத்தில் வெளியே வந்தா. மகளைப் பற்றிக் கேட்டார்களாம், சொன்னாவாம். மூத்த மகளைப் பற்றிக் கேட்டார்களாம், அதையும் சொன்னாவாம். மொழிபெயர்த்த பிள்ளை அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னதாம். கடைசியாக, திரும்பி வருவீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள். ராத்தா சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "ஊடு என்ட. நாப்பது நாளைக்கு மேல நான் இல்லாட்டி அத யாரு பாக்கிற?"

வீசா கிடைத்தது. ஆனால் இரண்டாவது தரம் என்பதால் பைலைத் தோண்டித் துருவி, சாவகாசமாகத்தான் தந்தார்கள். பாஸ்போட் கையில் வரும்போது டிசம்பர் முடியப் போகிறது. கிடைத்த முதல் சீட்டைப் போட்டேன், நாலு நாளில் பயணம். நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதே, சமாளித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

பயணத்துக்கு முதல் நாள் டிக்கட் எடுக்க இருவரும் கந்தோருக்கு வந்தார்கள். சரக்குச் சாமான் எல்லாம் கட்டிவிட்டா. அந்த நாட்டு விமான நிலையத்தில் கொடுக்கிற அட்டையில் சாப்பாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் எழுதவேண்டும், ஒன்றையும் ஒளிக்கக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது காக்காவின் போன் அடித்தது. மருமகன்.

சஹ்லாவுக்கு முதல் நாளே நோக்காடு வந்து, விடிய ஆண் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். காக்கா போனை ராத்தாவிடம் கொடுத்தார். அவ நல்ல சந்தோசமாகத்தான் கதைத்தா. அல்ஹம்துலில்லாஹ் சொன்னா. குளிர விடாதே என்று மகளுக்குப் புத்தி சொன்னா. கதைத்து முடிந்து போனை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "பக்கத்துல ஆர் நிண்ட எண்டு கேக்க மறந்திட்டன்" என்றா.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முதல் தரமே உள்ளதை எழுதியிருந்தால் ஒக்டோபரில் வீசா வந்திருக்கும். டிசம்பர் முழுக்க அவ மகளின் வீட்டில் இருந்திருப்பா. ராத்தாவின் இரண்டு மகள்மாருக்கும் தேவைப்பட்ட நேரம் அவ பக்கத்தில் இல்லை. முதலாவது தரம் கடல் செய்தது. இரண்டாவது தரம் நான் செய்தேன்.

ஆனாலும் போனா. அட்டையில் எல்லாவற்றையும் எழுதினாவாம். விமான நிலையத்தில் பையைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, கருவாட்டை எடுத்துப் போட்டு, சரக்கை விட்டுவிட்டார்களாம். நாற்பது முடிந்து, வீசா முடிய இன்னும் நாள் இருக்கவே, சொன்னபடி ஊருக்கு வந்துவிட்டா. கூட்டாளி பயந்தது பாதி நடந்தது. ஆறு மாதத்துக்கு எங்கட கந்தோர்ப் பைல் ஒவ்வொன்றையும் அந்தத் தூதரகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கூப்பிட்டவர்கள் எல்லாரும் உள்ளதைச் சொன்னார்கள். அன்றைக்கு அங்கே கிடந்த பதினொன்றில் ஒன்பதுக்கு வீசா கிடைத்தது.

வந்த மறுநாள் ராத்தா கந்தோருக்கு வந்தா. பாஸ்போட்டைத் திறந்து, திரும்பி வந்த முத்திரையை எனக்குக் காட்டினா. பிறகு பைக்குள் இருந்த பைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தா. பர்தாவுக்கு மேல் மருமகனின் தடித்த கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைச் சுற்றிப் பொத்திப் பிடித்தபடி நிற்கிறா. பின்னால் முழுக்க வெள்ளை. ஒரு இரும்பு கேற், இலையில்லாத நாலு மரம், வேறொன்றும் இல்லை.

இது எந்த இடம் ராத்தா என்று கேட்டேன்.

"அந்தப் பூந்தோட்டம்தான் தம்பி. பாக்கப் போறன் எண்டு முதல்ல கையெழுத்து வெச்சிட்டனே. பொய்யாப் போகப்படா எண்டு மருமகனக் கூட்டிட்டுப் போகச் சொன்னன். பூ ஒண்டும் இல்ல. இருந்தாலும் பாத்துட்டன்."

தேத்தண்ணி குடிக்கிறீங்களா ராத்தா என்று என்னவோ கேட்டேன். வேண்டாம் என்றா, வீட்டில் வேலை கிடக்கிறது என்று எழும்பிப் போனா. போட்டோவைத் திருப்பிக் கேட்கவில்லை.

அது இன்றைக்கும் அந்த மேசையின் வலப்பக்கத்து லாச்சிக்குள், பழைய படிவங்களுக்கு அடியில் கிடக்கிறது. ஓய்வெடுக்கும்போது நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தக் கதிரையில் இருக்கிறவருக்குத்தான் அது தேவை. தம்பி, நீங்கள் போன கிழமை பாடம் நடத்தின உம்மாவின் படிவம் இன்னும் கொழும்புக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். நாளைக்கே அவவைக் கூப்பிடுங்கள். மகளுக்கு எத்தனையாவது மாதம் என்று கேளுங்கள். கேட்டு, அதை எழுதுங்கள்.